முதல் பக்கத்தில் மாமா

போன் வந்தபோது மணி பன்னிரண்டரை. ரோஹிணி அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தாள். மாமனார் கோவர்த்தனன் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர், இன்று குரலே எழும்பாமல் பேசினார்.

"யம்மா, போலீஸ்லேர்ந்து போன் பண்ணாங்கோ. நான் நெட்ல இன்னாவோ எழுதிக்கீறனாம். திருப்பதி அலிபிரிகிட்ட லாட்ஜுல ரூமுன்னு நம்பி யாரோ பணம் கட்டி ஏமாந்துட்டாங்களாம். 'நாலு கண்டலக்கி ஸ்டேஷனுக்கு ரா'ன்னு தெலுங்குல சொல்றாரு, சாயந்தரம் நாலு மணிக்கு வரணுமாம். எனக்கு இன்னா தெரியும்? நீ கம்ப்யூட்டர் படிச்சவ, கொஞ்சம் பாத்து சொல்லும்மா."

"பாக்கறேன் மாமா" என்று போனை வைத்தாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எழுதியதே அவள்தான்.

திருப்பதியில் சுதீர் நடத்தும் ஆறு பேர் ஆபீஸில் அவள் பார்க்கும் வேலைக்கு சோஷியல் புக்மார்க்கிங் என்று பெயர். 'எனக்குப் பிடித்த பக்கம்' என்று ஆட்கள் லிங்கைச் சேமித்துவைக்கும் தளங்கள் நாற்பது ஐம்பது இருக்கின்றன. அவற்றிலெல்லாம் வாடிக்கையாளரின் வெப்சைட்டைச் சேர்த்து, புகழ்ந்து நாலு வரி எழுத வேண்டும். பல பேர் சேமித்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கூகுளில் மேலே ஏறும். அந்தப் பல பேரும் ரோஹிணி ஒருத்திதான். "நிஜ ஆளு மாதிரி இருக்கணும்மா, ஊரு போடு, போட்டோ போடு" என்பார் சுதீர். அவளுடைய கற்பனை இருபது பெயரோடு வற்றிவிட்டது. அப்போதுதான் பீரோவிலிருந்த தன் கல்யாணப் பத்திரிகை கண்ணில் பட்டது. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை என்று ஊர்ப் பெயரோடு அறுபத்துமூன்று பேர், நாயன்மார் கணக்கு. பத்திரிகையில் பெயரை விட்டுவிட்டால்தான் அந்தக் குடும்பத்தில் சண்டை வரும். போட்டதால் வந்த வினை இதுதான் முதல். பட்டியலில் முதல் பெயர் மாமா. ஆல்பத்திலிருந்து பட்டுச்சட்டையில் அவர் சிரிக்கும் படத்தையும் வெட்டி ஒட்டினாள். அந்தப் பெயரில் அவள் புகழ்ந்து எழுதிய அலிபிரி லாட்ஜ் போலி என்று அவளுக்குத் தெரியாது. நிஜமாகவே ரூம் இருக்கிறதா என்று அவள் கேட்டதும் இல்லை.

கூகுளில் தேடினாள். முதல் பக்கம் முழுக்க மாமா. 'குடும்பத்தோடு தங்கினோம். நம்பிப் பணம் கட்டலாம்.' ஆறு மாத உழைப்பு இவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது. அழிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, ஒன்பது. வேறு தளங்கள் தாமாகவே நகல் எடுத்து வைத்திருந்தன. ஓரிடத்தில் அழித்தால் மாமா இன்னோரிடத்தில் சிரித்தார்.

பின்னால் வந்து நின்ற சுதீர் திரையைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"ஐடியெல்லாம் நீதானே ஓப்பன் பண்ணே? ஆபீஸ் பேரு எங்கயும் வரக்கூடாது, சரியா?"

ஜெயிலில் போடுவார்களா என்று யாரைக் கேட்பது? புருஷன் தணிகைவேலிடம் சொல்லவே பயம். நகரிக்குப் போகும் பஸ்ஸில் மாமாவின் நம்பரை நான்கு தடவை எடுத்தாள், நான்கு தடவையும் வைத்துவிட்டாள். புத்தூர் தாண்டும்போது, வண்டி எங்காவது பஞ்சராகிவிடாதா என்றுகூட வேண்டிக்கொண்டாள். பஸ் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஸ்டேஷனில் கோவர்த்தனன் துவைத்த சட்டை போட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது நீங்கதானே?"

மகன் கல்யாணத்துப் பட்டுச்சட்டையை மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். வாசலில் ரோஹிணி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா எஸ்.ஐ. பக்கம் திரும்பினார்.

"ஆமா சார். நான்தான் எழுதினேன்."

"வேற யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்ல சார், நானேதான்."

"அப்படின்னா அந்த ஐடிக்குள்ள போய்க் காட்டுங்க. பாஸ்வேர்டு அடிங்க."

எஸ்.ஐ. போனை அவர் கையில் வைத்தார். கோவர்த்தனன் ஒரு விரலை நீட்டினார். வரிசை வரிசையாக இருந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்கு மேலே, எதிலும் இறங்காமல், அது அப்படியே நின்றது.