நிபுணர் தேர்ந்தெடுத்த கேமரா

புதுக் கேமரா வாங்கப் போகிறோம் என்று ஸ்டுடியோ முதலாளி சொன்னதும் அங்கே வேலை பார்க்கும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நிபுணரும் வர்றாரா சார்?"

"பின்ன? மாப்ள இல்லாம எப்படி?"

நிபுணர் என்பது முதலாளியின் மச்சினனுக்கு அவள் வைத்த பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்து அவன் தலையில் சூடிக்கொண்டுவிட்டான். நாள் முழுக்கப் போனில் கேமரா விமர்சன வீடியோ பார்ப்பான். ஒரு நிகழ்ச்சியில் கால் கடுக்க நின்று நாலு படம் எடுத்தவனில்லை. கரையில் உட்கார்ந்தே நீச்சல் கற்றுத்தருகிற ஜாதி.

அவளுக்கு முதலாளி வைத்த பெயர் டிகிரி. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மா மார்தட்டிச் சொல்லும் அந்த வார்த்தையை முதலாளி வசவாக்கி வைத்திருந்தார். "டிகிரி, ஸ்டாண்டை மடக்கு." "டிகிரி, தரையக் கூட்டு."

போன மாதம் ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் அவள்தான் படம் எடுத்தாள். பாதியில் மெமரி கார்டு செத்துப்போனது. இருந்த கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும். மூன்று மணி நேரப் படமும் அதோடு போய்ச் சேர்ந்தது. முதலாளி அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே கம்பெனி மேனேஜரிடம் போனில், "பொண்ணு கவனிக்கல சார், புதுசு" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். போனை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வராத" என்றும் சொன்னார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகக் குழுவின் மேடை நாடகம். அரை இருட்டு, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அதையும் அவள்தான் எடுக்க வேண்டும். ஆகவே அவளுக்கு வேண்டியது இரண்டு கார்டு போடுகிற கேமரா. ஒன்று செத்தாலும் மற்றதில் படம் இருக்கும், அவள் வேலையும் இருக்கும்.

கடையில் கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்கள் வந்து உட்கார்ந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே விலை. ஒன்று போன வருஷ மாடல்: இரண்டு கார்டு. மற்றது புதிது: மெகாபிக்சல் கூடுதல், மடக்கி விரிக்கும் திரை, ஆனால் ஒரே கார்டு. இரண்டையுமே வாடகைக்கு எடுத்துப் பார்த்தவள் அவள். அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"இரும்மா, மாப்ள பார்க்கட்டும்" என்றார் முதலாளி.

நிபுணர் பழைய மாடலை எடுத்துக் கடைக்காரரைப் படம் பிடித்தான். புதியதை எடுத்து மறுபடி பிடித்தான். இரண்டு திரைகளையும் முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருங்க மாமா. இதுல பின்னாடி அலமாரி எல்லாம் தெளிவா நிக்குது, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. புதுசுல பின்னாடி அப்படியே கரைஞ்சு போகுது. சினிமா மாதிரி இருக்கா இல்லையா? உள்ள படம் பதியற சென்சார் மாமா, சென்சார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பின்னணியைக் கரைத்தது லென்ஸ். தள்ளிவிட வேண்டிய புதுச் சரக்கில் கடைக்காரர் நல்ல லென்ஸை மாட்டி வைத்திருந்தார். பழையதில் கேமராவோடு இலவசமாக வரும் லென்ஸ். பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்துச் சம்பளத்தை முடிவு செய்கிற புத்தி இது.

வாயால் சொன்னால் கேட்கிற காதுகள் அங்கே இல்லை. நிபுணர் முதலாளியை இழுத்துக்கொண்டு தோள்பை பார்க்கப் போனபோது, இரண்டு லென்ஸையும் கழற்றி மாற்றி மாட்டினாள். பத்து வினாடி வேலை. கடைக்காரர் பார்த்தார். வாயைத் திறந்தால் தன் வண்டவாளமும் தண்டவாளம் ஏறும் என்பதால் கணினித் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன்" என்றாள் திரும்பி வந்தவனிடம்.

எடுத்தான். இரண்டு திரைகளையும் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். முகத்தில் ஒரு ஞானம் வந்து இறங்கியது.

"மாமா, பழைய மாடல்தான் மாமா. பழசுல உழைப்பு போட்டுச் செஞ்சிருக்கான். நான் அப்பவே நினைச்சேன்."

"மாப்ள கண்ணே கண்ணு" என்றார் முதலாளி. அத்தோடு நின்றிருக்கலாம். "இவ்வளவு தெரிஞ்சவன் வீட்ல இருக்கறப்ப எதுக்கு வம்பு? ஞாயித்துக்கிழமை நீயே எடு மாப்ள. டிகிரி உனக்குப் பை தூக்கிட்டு வரும்."

அவளுக்குக் காது சுட்டது. தன் கையாலேயே அவன் கழுத்தில் மாலை போட்டிருக்கிறாள். இப்படிப்பட்டவர்களைத் தந்திரத்தால் ஜெயித்தாலும் ஜெயித்த பெயர் அவர்களுக்குத்தான் போகும்.

போனை எடுத்தாள்.

"யாருக்கும்மா போன்?"

"நாடகக்காரங்களுக்கு சார். எடுக்கப் போறது இவர்தான்னு சொல்லி, இவர் நம்பரையும் குடுத்துடறேன். படம் சரியா வரலன்னா நேரா இவரையே கேக்கட்டும்."

நிபுணர் தோள்பையைக் கீழே வைத்தான். "அதெதுக்கு இப்ப? ஞாயித்துக்கிழமையா? எனக்கு ஒரு வேலை இருக்கே மாமா."

"என்ன வேலை?"

"சொன்னேனே அன்னிக்கு."

எவனும் எவனிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. முதலாளி கன்னத்தைச் சொறிந்தார். "சரி டிகிரி, நீயே எடுத்துடு. மாப்ள சொல்ற செட்டிங்ல வெச்சு எடு."

"எந்த செட்டிங்?"

"ஆட்டோல விடு" என்றான் நிபுணர். "நல்ல கேமரா, அதுவே பார்த்துக்கும்."

அவ்வளவுதான், அவள் பொறுமை தீர்ந்தது. பழைய மாடலிலிருந்த லென்ஸைக் கழற்றிப் புதியதில் மாட்டி, கடைக்காரரைப் படம் பிடித்து, திரையை முதலாளியிடம் காட்டினாள். பின்னால் அலமாரி கரைந்திருந்தது. மறுபடி கழற்றிப் பழையதில் மாட்டிப் பிடித்தாள். அதிலும் கரைந்தது.

"கரைக்கிறது லென்ஸ் சார். முதல்ல அது புதுசுல இருந்துச்சு, நடுவுல நான் பழசுல மாட்டினேன். இவர் ரெண்டு தடவையும் லென்ஸப் பார்த்துட்டுக் கேமராவப் பாராட்டினாரு."

முதலாளி மச்சினனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றான்.

"அப்ப எதம்மா வாங்கறது?" முதலாளியின் குரலில் மரியாதை ஒன்றும் முளைத்துவிடவில்லை, வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

"இது. ரெண்டு கார்டு போடலாம். ரெண்டுலயும் ஒரே படம் பதியும். இந்த லென்ஸும் வேணும், இருட்டுல இதுதான் எடுக்கும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ஞாயித்துக்கிழமை நான் வரல. இவர் வேலைய ஒத்திப்போடச் சொல்லுங்க."

கடைக்காரர் பில் போடத் தொடங்கினார். நிபுணர் அவர் பக்கத்தில் போய், லென்ஸைப் பற்றி ஒரு நல்ல வீடியோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கார்டுக் கதவைத் திறந்து இரண்டு இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடினாள்.