இரண்டாவது சின்னதம்பி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, ஒரு சிவப்பு மைக் கோட்டில் உதித்தது.

ஜவ்வாது மலையில் புளி உலுக்கப்போகும் பங்காளிகள் இருவரைப் பற்றி ஒரு கதை எழுதி நண்பர் அருளிடம் கொடுத்தேன். இருவருக்கும் பெயர் சின்னதம்பி. இவர்களைப் பெற்ற அண்ணனும் தம்பியும் அவரவர் தலைமகனுக்குத் தங்கள் அப்பா பெயரை வைத்தார்கள், விஷயம் அவ்வளவுதான். அருள் இரண்டாமவனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

“ஒரே பேரு ரெண்டு வாட்டி வருதுங்க. தூக்கத்துல எழுதினீங்களா?”

எங்கள் தெருக் கல்பனாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். கண்ணமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“சார், இதையே நானும் பண்ணியிருக்கேன். நிஜ ஆளுங்கள வச்சி.”

என் கதையில் அவர்கள் வெறுமனே புளிதான் உலுக்கினார்கள். தேனீக்களைக் கொடுத்தது அவள்.

2

[மேகப் போர்வைக்குள் மலை சோம்பல் முறித்துக்கொண்டிருந்த அந்த— வேண்டாம். மலை சோம்பல் முறித்து யாரும் பார்த்ததில்லை.]

[கல்பனா அழகும் துணிச்சலும் ஒருங்கே— இதுவும் வேண்டாம். அவள் படிப்பாள்.]

நேராகவே வருகிறேன். மலையிலிருக்கும் நர்ஸின் செல்போன் ஒரு மாதிரி பேசும். ஆம்புலன்ஸ்காரர்களின் கணினிக்கு அது புரியாது. ஆஸ்பத்திரிக் கணினியோ சண்டை போட்ட சம்பந்தி மாதிரி, யாரோடும் நேரில் பேசாது. நடுவில் நின்று எல்லோருக்கும் எல்லாவற்றையும் எடுத்துச்சொல்ல ஒரு மென்பொருள் இருக்கிறது. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, எத்தனை தடவை திரும்பக் கேட்பது, எதைத் தள்ளுவது என்று அதற்கு எழுதிவைப்பது கல்பனாவின் வேலை. அப்படி எழுதிவைப்பதைப் பாலிசி என்கிறார்கள். நான் வாயைப் பிளந்தது எங்கே என்றால், மென்பொருளை நிறுத்தவே வேண்டாமாம். அது ஓட ஓடப் பாலிசியை மாற்றலாமாம்.*

* மிக்ஸி ஓடும்போது மூடியைத் தொடப் பயப்படுகிறவன் இதை எழுதுகிறான் என்பதை நினைவில் கொள்ளவும்.

3

மதியம். கல்பனா மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு வரி தோன்றியது: தள்ளப்பட்டது, ஒன்று.

தள்ளியது அவள் எழுதிய பாலிசிதான். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். போனதோ இல்லையோ என்று பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். ஒரு நோயாளிக்கு நாலு வண்டி கிளம்பிப்போய், வேறு யாருக்கோ வண்டி இல்லாமல் போகும். ஆகவே, பெயர், ஊர், போன், பாதிப்பு எல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தள்ளு. நல்ல பாலிசி. பாராட்டுகூட வாங்கியிருந்தாள்.

தள்ளப்பட்டதைத் திறந்தாள். சின்னதம்பி. அதே ஊர். வளவு வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போன். மலைத்தேனீ கொட்டியது. எல்லாம் அச்சு மாறாமல் அதேதான். ஆனால் பாலிசி எட்டிப்பார்க்காத ஒரு மூலையில், தாயார் பெயர்: முன்னதில் அம்மாக்கண்ணு, பின்னதில் பாஞ்சாலை.

செய்தியை அனுப்பிய நர்ஸ் தேவயானியைக் கூப்பிட்டாள்.

“அக்கா, சின்னதம்பி ஒருத்தரா, ரெண்டு பேரா?”

“ரெண்டு பேரும்மா! ரெண்டு பேருக்குமே மூச்சு இழுக்குது. ஒரு வண்டிதான் வருதுன்றாங்க, அதுல ஒருத்தருக்குத்தான் ஆக்சிஜன். நான் யார ஏத்துறது, யார வுட்டுட்டு—”

சிக்னல் போனது.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கே போன் போட்டுச் சொல்லலாமே என்கிறீர்களா? போட்டாள். “அதான் சின்னதம்பிக்கு வண்டி போய்ட்டு இருக்குதே, இன்னாம்மா நீ?” என்றார்கள். அவர்கள் திரையும் அவளுடைய பாலிசியைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

4

பாலிசியை மாற்ற ஒருவர் ஒப்புதல் போதாது. இருவர் அமுக்க வேண்டும். மேலதிகாரி மோகனைப் பிடித்தாள்.

“ஓடுற வண்டிக்குச் சக்கரம் மாத்தலாம்ன்றியா?”

“மாத்தலாம் சார். தாயார் பேரையும் பாருன்னு ஒரே வரிதான்.”

“தப்பாப் போச்சின்னா மாவட்டம் பூரா நிக்கும்மா. சாயங்காலம் டெஸ்ட் பண்ணிட்டு—”

“மூச்சு இழுக்குறவன சாயங்காலமா வரச் சொல்லட்டுங்களா சார்?”

[இங்கே மோகனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மாவட்டம் நின்றுவிடுமே என்று பயப்படுகிறவரும் யாருடைய மூச்சுக்காகவோதான் பயப்படுகிறார்.]

“நீ முதல்ல அமுக்கு,” என்றார் மோகன். “பின்னாடியே நான் வர்றேன்.”

5

சோற்றுக்கையைக் கழுவாமல் இடது கையால் அமுக்கினாள். அவரும் அமுக்கினார்.

எதுவும் நிற்கவில்லை. யாரோ ஒருத்தியின் பிரசவ வலி கணியம்பாடிப் பக்கமிருந்து வந்து தன் பாட்டுக்குக் கடந்துபோனது. யாருக்கோ ரத்தம் கேட்ட செய்தி போனது. அந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே, இரண்டு தாய் என்றால் இரண்டு பிள்ளை என்பதை அந்த இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. தள்ளிவைத்ததைத் தானே எடுத்துப் பார்த்தது. அனுப்பியது.

திரையின் வரைபடத்தில், சந்தவாசலில் நின்றிருந்த ஒரு வண்டியின் புள்ளி மெல்ல அசைந்து, மலைப்பாதைக்குத் திரும்பியது. கல்பனா தன்னையறியாமல் எழுந்து நின்றாள். விரல்களில் மோர் காய்ந்துகொண்டிருந்தது.

[இந்த இடத்துக்கு நாலு உவமை எழுதினேன். நாலையும் அடித்துவிட்டேன். ஒரு வரி. ஒரு வண்டி. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.]

6

“அப்புறம் இன்னா ஆச்சி?” என்று கேட்டேன்.

“தெரியாது சார். வண்டி போய்ச் சேர்ந்ததும் சிஸ்டம் நோயாளி பேர மறைச்சிடும். அதுவும் நான் எழுதின பாலிசிதான். தேவயானி அக்காவக் கேக்கலாம்...” நகத்தைப் பார்த்துக்கொண்டாள். “பயமா இருக்குது.”

[முடிவு ஒன்று: அடுத்த வருடம் அதே புளியமரம். அடியில் நின்று, நீ ஏறு, நீ ஏறு என்று இரண்டு சின்னதம்பிகளும்—]

[முடிவு இரண்டு: எழுத மாட்டேன்.]

அருள் அடித்த பெயரை மறுபடி எழுதினேன். பக்கத்தில், பாஞ்சாலை மகன் என்றும் எழுதினேன். என் கதையில் வண்டி இன்னும் மலை ஏறிக்கொண்டிருக்கிறது. பாஞ்சாலை சாலை வளைவில் வந்து நிற்கிறாள். முதல் முடிவுக்கு நேராக என் ஒப்புதலை அமுக்கிவிட்டேன்.

ஆனால் ஒருவர் அமுக்கினால் போதாதே. உங்களுக்காகக் காத்திருக்கிறேன்.