முனிரத்தினத்தின் நூற்றிருபது கிலோ

தொண்ணூற்றேழாம் வருஷம் பொழிச்சலூரில் அயூப் ஜிம் திறந்து, ஓடும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்ததால், எங்கள் எதிர்வீட்டு முனிரத்தினத்தை அவர் மனைவி கிளியம்மாள் அங்கே சேர்த்துவிட்டாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள்: நூறு கலோரி எரித்தால் சாயங்காலம் ஒரு மெதுவடை. மெஷினைப் பார்த்து அயூப் எழுதித்தரும் சீட்டைக் காட்டினால்தான் தட்டு வரும்.

மெஷினில் ஏறியதும் எடையைத் தட்ட வேண்டும். கனமான ஆளுக்கு அதே நடைக்கு அதிகக் கலோரி காட்டும். இதைக் கண்டுகொண்ட முனிரத்தினம், தன் தொண்ணூறு கிலோவை மெஷினில் வாரத்துக்குப் பத்தாக ஏற்றினார். எங்கள் ஜன்னல் வரை வடை வாசனையும் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளியம்மாள், சீட்டில் கலோரிக்கு மேலிருந்த வரியையும் படித்துவிட்டாள்.

"இன்னாய்யா இது, நூத்திருபது கிலோன்னு போட்டுகீது? ஒரே மாசத்துல முப்பது கிலோ ஏத்திக்கினு வந்துகீறியே. இனிமே வடை கெடையாது."

உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வடை போகும். முனிரத்தினம் அதிகம் யோசிக்கவில்லை.

"மெஷினாண்டதான் பொய் சொன்னேன் கிளி. ஒன்னாண்ட சொல்லல."

அவள் நம்பவில்லை. நேரே அரிசிக்கடைக்கு இழுத்துப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினாள். நான் சும்மா அரை கிலோ பச்சரிசி வாங்கத்தான் பின்னாலேயே போனேன். முள் எண்பத்தெட்டில் நின்றது.

"அத்தினி வடை துன்னும் ரெண்டு கிலோ கொறஞ்சிகீறியே," என்றாள் கிளியம்மாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. அன்று சாயங்காலம் சீட்டைக் கேட்காமலே தட்டு வந்தது.