ஒன்பதாம் எண் கோடு

காலை ஐந்து ஐம்பதுக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான், கண்கொத்தி, பதினாறு நோயாளிகள். நோயாளிகள் உண்மையில் நீண்ட நடைபாதையின் மறுமுனையில், வார்டில் படுத்திருந்தார்கள். எங்களைப் பொறுத்தவரை அவர்கள் இங்கேதான் இருந்தார்கள், நான்கு திரைகளில், திரைக்கு நான்கு பச்சைக் கோடுகளாக. ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒட்டியிருந்த கம்பிகள் இதயத் துடிப்பை அந்தக் கோடுகளாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பார்ப்பதுதான் வேலை. கோடு கெட்டால் வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். அபாய ஒலியை நிறுத்தும் பொத்தானைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது.

அதற்கு முன் நான்கு வேலைகளைப் பாதியில் விட்டவன் நான். முப்பத்தெட்டு வயது. இரவு வேலைக்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை என்பதால் எடுத்துக்கொண்டார்கள். கண்கொத்திக்கு இருபத்து நான்கு. அந்த வேலையில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், முகத்துக்கு நேராகவே கூப்பிட்டேன். "பின்னாடி பாம்புன்னு சேக்காத வரைக்கும் சரிண்ணே" என்றாள்.

தினமும் கால் மணி நேரம் முன்னதாக வந்து வார்டுக்குப் போவாள். பதினாறு கட்டிலையும் சுற்றுவாள். அப்படிச் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அதற்குச் சம்பளமும் இல்லை.

"ஓட்டுக் கேட்டுட்டு வந்துட்டியா?" என்பேன்.

"ஆச்சுண்ணே. பதினாறும் நமக்குத்தான்."

ஏழு மாதத்தில் நான் ஒரு நாளும் வார்டுக்குள் போனதில்லை. கோட்டைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். கோட்டுக்கு முகம் எதற்கு என்று நினைத்தேன்.

விடிந்ததும் வார்டில் பல் தேய்ப்பார்கள். கை ஆட ஆட நெஞ்சில் ஒட்டிய கம்பியும் ஆடும். கோடு சீப்புப் பற்களைப் போல நெருக்கியடித்துக்கொண்டு எழும். இதயம் தறிகெட்டு ஓடி நிற்கப் போகும்போதும் ஏறக்குறைய அதே வடிவம்தான். இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் அலறும். முதல் வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன். "தம்பி, அவரு வாய் நிறைய நுரையோட உக்காந்திருக்காரு. எதுக்குப்பா சாகடிக்கிற?" என்றார் தலைமை நர்ஸ். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது.

கண்கொத்தி ஒரு வழி சொல்லியிருந்தாள். அந்தக் குழப்பத்துக்குள் சீரான இடைவெளியில் கூர்மையான முனைகள் தெரிந்தால் பிரஷ்தான். தெரியாவிட்டால் போனை எடுக்க வேண்டும். நான் முனைகளைத் தேடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், பல் தேய்க்கும் நேரமென்றால் ஒலியை நிறுத்தினேன். அது சுலபமாக இருந்தது.

அன்று நான்கும் பதினொன்றும் இரண்டும் அலறி முடித்திருந்தன. அந்த மூன்று ஒலிகளையும் நான் நிறுத்தியிருந்தேன். கண்கொத்தி குனிந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது அலறியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினேன்.

"எதுண்ணே?"

"ஒம்பது. பல்லு."

அவள் நிமிர்ந்தாள். நான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் போன் அவள் காதில் இருந்தது.

"சிஸ்டர், ஒம்பது. ஓடுங்க."

மறுமுனை எனக்கும் கேட்டது. "ஏம்மா, இது பல் தேய்க்கிற நேரம்..."

"அவருக்கு ஒரு பல்லு கிடையாது சிஸ்டர்! பல்செட்டு உடைஞ்சுபோய் மக நேத்தே ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எதைத் தேய்ப்பாரு? ஓடுங்க!"

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம். செருப்புகள் ஓடும் சத்தம்.

ஒன்பதாம் கோட்டில் ஒரு கூர்முனைகூட இல்லை. அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்குக் கோட்டைத் தவிர எதுவும் தெரியாத ஒரு மனிதன், நான் நிறுத்திய சத்தத்துக்குள் செத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒம்பதையே பாக்காதீங்க. அங்க ஆளுங்க இருக்காங்க. நீங்க ஒண்ணுலேருந்து எட்டைப் பாருங்க. மிச்சம் எனக்கு."

குரல் உயரவில்லை. அவள் கண்கள் ஒன்பதைத் தொட்டுவிட்டுப் பத்துக்குப் போயின, பதினாறு வரை போய்த் திரும்பி வந்தன. பதற எல்லோருக்கும் தெரியும். பதறவேண்டிய நேரத்தில் மற்ற பதினைந்து பேரையும் ஒருத்தி நினைவில் வைத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஒன்றிலிருந்து எட்டைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லும்படி அந்த ஏழு மாதத்தில் பார்த்தது அப்போதுதான்.

ஒன்பது துள்ளியது. மின் அதிர்ச்சி கொடுத்திருந்தார்கள். ஒரு நீளமான நேர்கோடு ஓடியது. பிறகு கோணலாக ஒரு மேடு. சற்றுத் தள்ளி இன்னொன்று. அடுத்த மேடுகள் நேராக இருந்தன.

ரிசீவரில் நர்ஸுக்கு மூச்சு வாங்கியது. "முழிச்சுட்டாரு. நெஞ்சுல எவன்டா மிதிச்சதுன்னு கேட்டுத் திட்டறாரு."

"நல்லாத் திட்டட்டும் சிஸ்டர்."

கண்கொத்தி பதிவேட்டை இழுத்து எழுதினாள். நான் எட்டிப் படித்தேன். 'கட்டில் ஒன்பது. 5.52. அபாய ஒலியை உடன் பணியாளர் நிறுத்தினார். பதினான்கு விநாடி தாமதம்.'

"அந்தப் பதினாலை எழுதித்தான் ஆகணுமா?"

"ஆகணும்ணே."

"எனக்கு வேலை போயிடும்."

"தெரியும்."

பேனாவை மூடுவாள் என்று நினைத்தேன். அடுத்த வரிக்குப் போனாள். 'அப்போது நான் திரையைப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு எழுத வேண்டிய அளவுகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. நான்கு இடங்களில் விதவிதமான பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். தன்மேலேயே புகார் எழுதிய கை எதிலும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

போன் அடித்தது, தலைமை நர்ஸ். எழுதியதை அப்படியே படித்துக் காட்டினாள், பதிலைக் கேட்டு வைத்தாள்.

"உங்களை இனிமே திரை முன்னாடி உக்கார வைக்கக்கூடாதாம்."

"நியாயம்தான்."

பையை எடுத்துக்கொண்டேன். பகல் ஆள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"வெளி வாசல் இடது பக்கம்ணே. எங்க வலப்பக்கமாத் திரும்பறீங்க?"

"ஒம்பதைப் பாத்துட்டுப் போறேன்."

என் செருப்புச் சத்தத்தை வைத்தே கேட்டவள் தலையைத் திருப்பவில்லை. "ஜன்னலை ஒட்டி ரெண்டாவது கட்டில். காது மந்தம், எதுவும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. கையைப் புடிங்க, போதும். இடது கை. வலது கையில ஊசி இருக்கு."

தனியாக இருப்பவர் உள்ளே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. நான் நடைபாதையில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தேன், அவள் எழுந்தாள். முகம் திரைகளைப் பார்த்தபடியே இருக்க, பின்னால் நீட்டிய கையால் காற்றைத் துழாவிக்கொண்டு ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி வந்தாள். விரல்கள் கதவின் விளிம்பைக் கண்டுபிடித்தன. வார்டைப் பார்க்கத் திரும்பினேன், கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.