கறள் காணப்படின் நிறுத்தவும்

கடலோர வெள்ளவத்தையில் துருக் கறள் பிடிக்காத சாமான் ஒன்று இருந்தால் அது நேற்று வாங்கியதாக இருக்கும். எங்கள் வீட்டு யன்னல் கம்பியில் கறள், ஃபிரிட்ஜின் காலில் கறள், ஸ்கூட்டரின் சைலன்சரில் கறள். எல்லாம் வேலை செய்கின்றன. அது வேறு கதை என்றுதான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் கார்த்திகன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள கணினிக் கடையின் மேல்மாடியில் என் மேசை. பழுதாகிப்போன மதர்போர்ட்டுகளுக்கு உத்தரவாதம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு படிவம். படிவத்தின் முதலாவது கட்டம் 'வெளித்தோற்றம்'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'கறள் காணப்படின் பரிசோதனையை நிறுத்தவும்' என்று இருக்கும். நிறுத்திவிட்டு, 'பாவனையாளரின் கவனயீனம்' என்ற இடத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தால் முடிந்தது. கூடினால் நாலு நிமிடம். இந்த ஊரில் கறளைத் தேடிக் களைத்தவர் எவரும் இல்லை.

அதற்காக என்னை அநியாயக்காரன் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கடைக்குள் நீதி என்று ஒன்றைக் கொண்டுவந்தவனே நான்தான். முன்பெல்லாம் முதலாளி இராசரத்தினத்தின் சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர், பக்கத்துக் கடைக்காரர் என்றால் போர்ட் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுபடும். நான்தான் இலக்க முறையைப் போட்டேன். கீழே கவுண்டரில் பைறோஸா போர்ட்டை வாங்கி, பெயரைக் கொப்பியில் எழுதி, போர்ட்டில் இலக்கத்தை மட்டும் ஒட்டி மேலே அனுப்புவாள். யாருடைய சாமான் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து வைத்த பிறகு மாற்றுகிற கதையும் இல்லை.

இந்த முறையால் என் வீட்டிலேயே ஓர் ஆள் குறைந்தது. மூன்று வருடத்துக்கு முன் இலக்கம் 88 என்று ஓர் உயர்ந்த இனப் போர்ட் வந்தது. கறள். எழுதிவிட்டேன். பின்னேரம் வீட்டுக்குப் போனால், என் மனைவி நிருஷாவின் ஒரே தம்பி மிதுஷன் செற்றியில் இருக்கிறான், மடியில் அதே போர்ட். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யக் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஓடர் எல்லாம் பிடித்து வைத்திருந்தான்.

"அத்தான், ஒருக்கா திருப்பிப் பாருங்கோவன்" என்றான்.

"கையெழுத்து வைச்சாச்சு" என்றேன்.

நிருஷாவும் கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன். மிதுஷன் போர்ட்டைச் செற்றியில் வைத்துவிட்டு எழும்பினான்.

"உங்கட கறளை நீங்களே வைச்சிருங்கோ."

அதற்குப் பிறகு அவன் எங்கள் படி மிதிக்கவில்லை. அறையையும் விட்டுவிட்டு, இப்போது ஒரு போன் கடையில் நிற்கிறான். போர்ட் எங்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அலுமாரியைத் தூசு தட்டும் நிருஷா அதை மட்டும் தட்டமாட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. மச்சான் என்றும் பார்க்காத மனிதன் என்று கடையில் என்னைப் பற்றிப் பேச்சு.

போன செவ்வாய்க்கிழமை காலையில் இலக்கம் 211 வந்தது. எங்கள் கடையில் விற்பதிலேயே உயர்ந்த இனம். சின்னப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கவேண்டும். கறுப்பு உலோகத் தகடுகள், வெப்பத்தைக் காட்ட ஒரு குட்டித் திரை, நாலு இடத்தில் வண்ண விளக்கு, பின்பக்கம் வயர் குத்துவதற்கு எண்ணி முடியாத துளைகள், அவற்றின் பக்கத்தில் ஏதோ இரண்டு பொத்தான்கள். பொத்தான் எதற்கு என்று நான் பார்க்கவில்லை. அதற்கு முன்பே துளைகளின் ஓரத்தில் செந்நிறம் தெரிந்துவிட்டது. சரி போட்டேன், கையெழுத்து வைத்தேன், கீழே அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பைறோஸா கூப்பிட்டாள். "அண்ணன், கொஞ்சம் கீழ வாங்க. படிவத்த வாசிச்சிட்டு போர்ட் கொண்டாந்தவ போகாம நிண்டுக்கிட்டு ஈக்கிறா."

அவள் பெயர் ஹம்சிகா. எங்கள் ஒழுங்கையின் கடலோர முனையில், நாலாம் மாடியில் இருப்பவள். மெல்பேர்னில் உள்ள கட்டடக் கலைஞர் ஒருவருக்கு, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் கணினியில் படமாக்கி அனுப்புவது அவள் தொழில். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெரிய கட்டடம் போகவேண்டுமாம். போகாவிட்டால் அந்த ஆள் வேறு ஒருவரைப் பிடித்துவிடுவாராம்.

"கவனயீனம் எண்டு போட்டிருக்கிறீங்கள் அண்ணா. நான் என்ன செய்தனான்?"

"கறள் பிடிச்சிருக்கு, தங்கச்சி."

"கறள் எங்கையிருந்து வந்தது?"

"கடல் காத்து."

"கடலை நானே கொண்டுவந்து வைச்சனான்?"

இதற்கு என்னிடம் ஆறு வருடப் பழைய பதில் ஒன்று உண்டு. "யன்னலைப் பூட்டி வைச்சிருக்கலாம்" என்றேன்.

"பூட்டினா அந்த அறைக்குள்ள ஆர் இருக்கிறது, போர்ட்டோ நானோ?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், சண்டை எனக்கு நல்ல பழக்கம். கையெழுத்து வைச்சாச்சு என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

நான் ஏறிய பிறகு கீழே நடந்தது பைறோஸா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலாளி எழும்பி வந்திருக்கிறார். வாசலுக்கு நேரே இருக்கும் கண்ணாடி அலுமாரியைக் காட்டியிருக்கிறார். அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் அதே இனப் போர்ட் ஒன்று பதினொரு மாதமாக நிற்கிறது.

"இதுக்கு ஜோடி அது பிள்ளை. ரெண்டும் ஒரே நாள் வந்தது. கை படாத சாமான், எடுத்துக்கொண்டு போய் வேலையை முடியுங்கோ."

"எடுக்கிறன் அங்கிள். என்ர போர்ட்டைப் பாத்த மாதிரியே மேல இருக்கிற அண்ணா இதையும் பாத்து எழுதித் தரட்டும்."

"சரி, சரி. அவர் மச்சானுக்கே விட்டுக்குடுக்காதவர்" என்று சிரித்திருக்கிறார் முதலாளி.

பைறோஸா அலுமாரியைத் திறந்து, போர்ட்டை எடுத்து, 212 என்று ஒட்டி மேலே அனுப்பினாள். எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிறகு கேட்டதற்கு, "பேர் சொல்லப்படாதெண்டு நீங்கதானே வெச்சீங்க" என்றாள். நான்தான் வைத்தேன்.

ஒரே நாளில் அதே இனத்தில் இரண்டாவது. வசதியான ஆட்களுக்கும் கடல் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். இது 211ஐ விட மோசம். திருகாணித் தலைகள், துளைகளின் ஓரம், ஓடியோ குத்துகிற இடம், எங்கும் கறள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இவ்வளவு பெறுமதியான சாமானை வாங்கி இப்படியா வைத்திருப்பார்கள். பாவனையாளரின் கவனயீனத்துக்குச் சரி போட்டதோடு நில்லாமல், குறிப்பு என்ற இடத்தில் 'மிக மோசமான பராமரிப்பு' என்று எழுதி, கீழே கோடும் போட்டு அனுப்பினேன்.

இந்த முறை முதலாளியே படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். இறங்கிப் போனேன். ஹம்சிகா படிவத்தைக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடி அலுமாரி வெறுமையாக இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

"என்ன ஐசே இது. இது எங்கட போர்ட்" என்றார் முதலாளி.

"எனக்கு இலக்கம் மட்டுந்தானே தெரியும்."

"பராமரிப்பு மோசம் எண்டு வேற கிறுக்கியிருக்கிறீர். ஆர்ர பராமரிப்பு?"

வெள்ளிக்கு வெள்ளி அந்த அலுமாரியை மற்றவர்களைத் தொடவிடாமல் தானே துடைப்பவர் அவர்தான்.

ஆனால் முப்பது வருடம் வியாபாரம் செய்தவர் ஒரு படிவத்தோடு சாய்ந்துவிடுவாரா. குரலைத் தணித்துக்கொண்டு ஹம்சிகாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, கறள் எண்டுறது வெளித்தோற்றம். அது போர்ட்டை ஒண்டும் செய்யாது. கார்த்திகன், கொம்பியூட்டரில பூட்டி ஓடவிட்டுக் காட்டும்."

பூட்டினேன். விளக்குகள் எரிந்தன, குட்டித் திரையில் எண்கள் ஓடின, கணினித் திரையும் ஒளிர்ந்தது. ஒரு குறையும் இல்லை.

"கண்டீங்களோ" என்றார் முதலாளி. "கறள் அது பாட்டுக்குக் கிடக்கும். போர்ட் அது பாட்டுக்கு ஓடும்."

ஹம்சிகா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என்ர போர்ட் ஏன் செத்தது, அங்கிள்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் அந்தக் கேள்வி எங்கள் கடைக்குள் வந்ததே இல்லை. அதற்கு முன்னால் கறள் வந்து நின்றுவிடும், நானும் அதோடு நின்றுவிடுவேன்.

"போன சனிக்கிழமை கரண்ட் போய் வந்ததோடதான் செத்தது" என்றாள் அவள். "காலமை சொன்னனான். படிவத்தில அதுக்கு இடம் இல்லையெண்டு கவுண்டரில சொன்னவை."

211ஐ எடுத்துத் திருப்பினேன். அதன் பெட்டிக்குள் இருந்த கைநூலை முதல்முறையாக வாசித்தேன். கணினியைப் போட்டதும் போர்ட் முதலில் வாசிக்கிற சின்ன மென்பொருள் ஒன்று போர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. மின்சாரம் கண்டபடி போய் வந்தால் அது சில நேரம் குழம்பிவிடும். குழம்பினால் போர்ட் பிணம்தான். ஆனால் இந்த மாதிரி உயர்ந்த இனங்களில், அந்த மென்பொருளைப் புதிதாக ஒரு பென் டிரைவில் போட்டு, பின்பக்கம் குத்தி, பொத்தானை மூன்று செக்கன் அமத்திப் பிடித்தால் தானே திருத்திக்கொள்ளும். இவ்வளவு விலைக்கு இதை விற்பதற்கு அந்தப் பொத்தானும் ஒரு காரணம் என்று கைநூலே பெருமை பேசியது. மென்பொருளை இறக்கிப் பென் டிரைவில் போட்டுக் குத்தினேன்.

அமத்தினேன். பொத்தான் பச்சையாக மின்னத் தொடங்கியது. ஆறு நிமிடம் மின்னியது. பிறகு நின்றது. பூட்டிப் பார்த்தேன், 211 கண் விழித்தது.

ஹம்சிகா கதிரையில் இருந்துவிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

எங்களில் முதலில் தேறியவர் முதலாளிதான். "அப்ப போர்ட்டில பிழை இல்லை. பிழையில்லாத சாமானுக்கு என்னத்துக்கு வாரண்டி? இவர் எழுதின முடிவு சரியாத்தானே வந்திருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. போர்ட் ஒன்று விற்கிற சந்தர்ப்பம் போன கவலை மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

ஹம்சிகா தன் போர்ட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அண்ணா, இதுக்கு முந்தி வந்த போர்ட் ஒண்டையும் பூட்டிப் பாக்கேல்லையா?"

முறை அது என்று சொல்ல வாய் எடுத்தேன். மேசையில் கிடந்த பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அவள் போன பிறகு முதலாளி பைறோஸாவிடம் சொல்லி அலுமாரிப் போர்ட்டைப் பொலித்தீனால் சுற்றுவித்தார். கறள் பிடிக்காமலிருக்க அல்ல, தெரியாமலிருக்க.

பின்னேரம் வீட்டில் கதிரை போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த போர்ட்டை எடுத்தேன். நிருஷா குசினி வாசலில் நின்று பார்த்தாள். தூசு துடைக்கிற துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அதைப் பைறோஸாவிடம் கொடுத்து, "இலக்கம் போடுங்கோ" என்றேன்.

"பேர்?"

"மிதுஷன்."

கொப்பியில் எழுதினாள். பழைய 88ஐ உரித்துவிட்டு 213 ஒட்டினாள். அவளுக்கும் அந்தக் கதை தெரியும், ஆனால் தலை நிமிர்த்தி என்னைப் பார்க்கவில்லை.

மேலே கொண்டுபோய் விளக்கின் கீழே வைத்தேன். கறள் இருந்தது. நிறுத்தவில்லை. திருப்பினேன். பின்பக்கம் பொத்தான் இருந்தது, மூன்று வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது. இதற்குரிய மென்பொருளைப் பென் டிரைவில் போட்டுக் குத்தி அமத்தினேன். பச்சை மின்னியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஆறு நிமிடமும் இது விழிக்கக்கூடாது என்றுதான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இது செத்தே கிடந்தால் நான் எழுதியது சரியாகிவிடும்.

விழித்துவிட்டது.

போனை எடுத்தேன். அவன் எடுக்கமாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான்.

"ஓம், அத்தான்."

மூன்று வருடத்துக்குப் பிறகும் அத்தான் என்றான்.

"உன்ர போர்ட் வேலை செய்யுது, மிதுஷன்."

பின்னால் யாரோ போனுக்கு உறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களை நிற்கச் சொல்வது கேட்டது.

"கறள் போயிட்டுதோ?"

"இல்லை. கறள் அப்பிடியே இருக்கு."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"பின்பக்கம் ஒரு பொத்தான் இருக்கு. அதை அமத்தினன்."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ஆறு நிமிசம்."

கடைக்குள் ஆட்கள் வந்துபோகிற சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப மூண்டு வருசம், அத்தான்?"

213இன் படிவம் முன்னால் கிடந்தது. பேனையை எடுத்தேன். 'பாவனையாளரின் கவனயீனம்' என்பதில் பாவனையாளரை வெட்டி, மேலே கார்த்திகன் என்று எழுதினேன். எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கையெழுத்து வைச்சிட்டீங்களோ?" என்று கேட்டான்.

வைத்தேன்.

"வைச்சாச்சு" என்றேன்.