பக்கத்தைத் திருப்புங்க

லிஃப்ட் மெக்கானிக் ஊர் ஊராக ரயிலில் அலைபவர். இந்த வருடம் பயணத்திலேயே பன்னிரண்டு பழம்பெரும் நாவல்களை முடிப்பதாக மச்சினியிடம் சவால் விட்டிருந்தார். மூன்று மாதமாகியும் முதல் நாவலிலேயே பத்துப் பக்கம் தாண்டவில்லை. புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்கிவிடும்.

அன்றும் சொக்கியது. பக்கத்து இருக்கை அம்மாள் தோளைத் தட்டினார்.

“பக்கத்தைத் திருப்புங்க தம்பி. நான் படிச்சு முடிச்சு எவ்வளவு நேரமாச்சு.”

அசடு வழியத் திருப்பினார். கண் மூடும்போதெல்லாம் தோளில் தட்டு விழுந்தது. அதற்குப் பயந்தே படித்தார். முப்பதாம் பக்கத்தில் கதை அவரையும் பிடித்துக்கொண்டது.

அம்மாள் இறங்கவேண்டிய நிலையம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

“கதாநாயகி அந்தக் கடிதாசியப் பிரிக்கட்டும். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கிறேன்.”

“நான் போன ஸ்டேஷன்லயே இறங்கியிருக்கணுங்கம்மா,” என்றபடி மெக்கானிக் பக்கத்தைத் திருப்பினார்.