ஓகே மாமா

இப்போதெல்லாம் எவனும் முழுசாகப் பதில் சொல்வதில்லை என்பதுதான் பெரியவருடைய தீராத ஆத்திரம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்றா என்றால் ஓகே. கழுவு என்றாலும் ஓகே. கழுவாதே என்றாலும் அதே ஓகே. உடம்பு எப்படி இருக்கிறது என்றால் ஓகே, சாப்பாடு எப்படி என்றால் ஓகே. பரீட்சையில் கோட்டைவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் என்னம்மா ஆயிற்று என்று கேட்டால் அதுவும் ஓகேதான் தாத்தா என்கிறது. ஆளுக்கொரு கூழாங்கல்லை வாயில் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது அவருக்கு.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினால் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "நாப்பத்தோரு வருஷமா 'ம்'முனு ஒத்தை எழுத்துல குடும்பம் நடத்தினவர் நீங்க. அதுங்களாவது ரெண்டெழுத்து சொல்லுதுங்க" என்றாள் ஒருநாள். பெரியவர் அதற்கு 'ம்' என்றுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மற்றவர்களுக்கு இது கிண்டலாக இருக்கலாம். அவருக்குத் தொழில். பதினொரு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் வின்ச் என்கிற தூக்கு இயந்திரத்தை இயக்குகிறவர் அவர். சுவருக்கு வெளியே இரண்டு எஃகுக் கம்பிகளில் ஒரு இரும்புக் கூண்டு தொங்கும். கூண்டில் ஒருவன் நின்று கண்ணாடி துடைப்பான். ஏற்றுவது, இறக்குவது, நிறுத்துவது எல்லாம் மேலே இருக்கும் லிவரில். லிவரைப் பிடித்தவனுக்குக் கூண்டு தெரியாது. மொட்டைமாடி விளிம்பு மறைத்துக்கொள்ளும். கூண்டில் இருப்பவனுக்கு லிவர் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு வாக்கிடாக்கி, அதில் வரும் குரல், அவ்வளவுதான். ஒருவன் சொல்வதை இன்னொருவன் அப்படியே திருப்பிச் சொன்னால்தான் பெரியவர் லிவரைத் தொடுவார். "ரெண்டடி இறக்கறேன்" என்றால் கீழே இருப்பவன் "ரெண்டடி இறக்குங்க" என்று ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காவிட்டால் கூண்டு நின்ற இடத்திலேயே நிற்கும், பொழுது சாய்ந்தாலும் நிற்கும். அதனால்தான் அவருக்கு அங்கே பிரேக் என்று பட்டப்பெயர்.

எட்டு மாதமாகக் கூண்டில் நிற்பது அவருடைய மாப்பிள்ளை. ஒரே பெண்ணின் புருஷன். நல்ல பையன், சிகரெட் கிடையாது, வேலையில் சுத்தம். குறை ஒன்றே ஒன்று. எதைச் சொன்னாலும் "ஓகே மாமா."

மாப்பிள்ளையைத் திட்ட முடியாது, எட்டு மாதம் கூண்டை நிறுத்தி வைக்கவும் முடியாது; பல்லைக் கடித்துக்கொண்டு விரல்கடை விரல்கடையாக லிவரை நகர்த்தினார். மரியாதையாகத்தான் சொல்லிப் பார்த்தார். நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க மாப்பிள்ளை என்பார். ஓகே மாமா என்று பதில் வரும். இதையே ஒருநாள் பதினாலு தடவை சொல்லிப் பதினாலு ஓகே வாங்கிக்கொண்டு, நேரே சூப்பர்வைசரிடம் போய் அந்த வார்த்தையை வாக்கியில் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு போடச் சொன்னார். சூப்பர்வைசர் கையிலிருந்த தேநீர் சிந்தும்வரை சிரித்தார். பிறகு, ஆபீசிலிருந்தே வகுப்பு வைக்கப்போகிறார்கள், வாக்கியில் எப்படிப் பேசுவது என்று ஒரு அம்மா வந்து சொல்லித் தருவார்கள், உங்கள் சந்தேகத்தை அவர்களிடமே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வகுப்பு எட்டாவது மாடியில் நடந்தது. குளிர்சாதன அறை, சுழல் நாற்காலி, மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டில். பெரியவர் நாற்காலி சுழலாதபடி காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். சூப்பர்வைசர் முன்கூட்டியே விஷயத்தைப் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே, இங்கே ஒருவருக்கு ஓகே என்றால் ஆகாதாமே என்று தொடங்கினாள். அது அவளுக்குப் பிடித்த வார்த்தை போலிருக்கிறது. சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பத்திரிகைக்காரன் செய்த குறும்பாம் அது. 'எல்லாம் சரி' என்பதை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சில் போட்டானாம். அந்தக் காலத்தில் அப்படி எழுதுவது ஒரு மோகமாம். மறுவருஷம் தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளருக்குச் சொந்த ஊரை வைத்து ஒரு பட்டப்பெயர். அதற்கும் அதே முதலெழுத்துகள் பொருந்திப் போக, அவருடைய ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தினார்களாம். ஆள் தோற்றுவிட்டார், வார்த்தை ஜெயித்துவிட்டது என்று டீச்சரம்மா சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

அதோடு விடவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் பேச்சிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்களாம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துப்போன அடிமைகள் கொண்டுவந்தது என்று வேறு சிலர். கிரேக்கர்களிடமும் இதேபோல் ஒன்று உண்டாம். பிறந்த கதை இப்படி என்றால், பொருள் அதைவிட மோசம். கேட்டுவிட்டது என்றாலும் ஓகே, புரிந்தது என்றாலும் ஓகே. சம்மதம் என்றாலும், போதும் நிறுத்து என்றாலும், சுமார்தான் என்றாலும், சரி ஆரம்பிக்கலாம் என்றாலும் அதுவே. எத்தனை சுமை ஏற்றினாலும் சுமக்கிற வார்த்தை என்று டீச்சரம்மா பெருமைப்பட்டாள்.

பெரியவர் கையைத் தூக்கினார். அவர் பள்ளிக்கூடத்தில் கைதூக்கியதே வெளியே போகத்தான்.

"ஏம்மா, அப்பன் யாருன்னு தெரியாது, பொறந்த ஊரும் தெரியாது, கேட்டா ஆளுக்கொரு கதை சொல்றீங்க. தப்பா எழுதினதுன்னும் நீங்களே சொல்றீங்க. இதை நம்பி என் பொண்ணோட புருஷனை எட்டாவது மாடியில தொங்க விடச் சொல்றீங்களா?"

அறையில் சிரிப்பு. டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள்: "வார்த்தை எங்க பொறந்தா என்னங்க ஐயா. சொல்றவரும் கேக்கறவரும் ஒரே அர்த்தத்துல பேசிக்கிட்டா போதாதா?"

போதாது என்றார் பெரியவர்.

கடைசியில் ஒரு தாள் வந்தது. வாக்கியில் ஓகே என்றால் 'கேட்டது, புரிந்தது' என்று மட்டுமே பொருள், வேறு பொருளில் யாரும் பயன்படுத்தக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவர் பேனாவை மூடி வைத்தார். நாளை சாயங்காலம்வரை நேரம் தருகிறேன், போடாவிட்டால் லிவரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தரையில், கூண்டுக்கு அடியில் ஆள் வராமல் தடுப்புக் கயிறு பிடிக்க வேண்டியதுதான் என்றார் சூப்பர்வைசர். கயிறு பிடிப்பது பெரியவருக்கு அவமானம் இல்லை. யாரோ ஒருத்தன் லிவரைப் பிடிக்க, பெண்ணின் தாலி கூண்டில் தொங்குவதைத் தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டுமே, அதுதான் அன்று முழுக்க அவரை அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலிருந்தே காற்று. பத்தரை மணிக்குக் கூண்டு எட்டாவது மாடிக்கு நேராக நின்றது. வலப்பக்கக் கம்பி உருளையின் பள்ளத்தை விட்டு விரல்கடை ஏறி உட்கார்ந்திருப்பதைப் பெரியவர் பார்த்துவிட்டார். பெரிய விஷயமில்லை, அரையடி தூக்கினால் தானாக உள்ளே விழும். விழும்போது கூண்டு வலப்பக்கம் ஒரு குலுக்கு குலுக்கும். வாக்கியை எடுத்து, இடது ஓரத்துக்குப் போய் இரண்டு கையாலும் கூண்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் அரையடி தூக்கப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தார். தூக்கப்போகிறேன் என்பதில் பாதி வாய்க்குள்ளேயே இருந்தது, அதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஓகே மாமா."

பெரியவரின் கை லிவர் மேல் இருந்தது. எடுத்துவிட்டார். சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொள்கிற ஆளா இவர் என்று யோசித்தார். மறுபடி சொன்னால் மறுபடி ஓகே வரும். அது அவருக்குத் தெரியும். வாக்கியை வாயருகே வைத்து, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்:

"மாப்பிள்ளை, உங்க மாமியார் காலையில தவறிட்டா."

கொஞ்சநேரம் காற்றின் இரைச்சல்.

"ஓகே மாமா."

அந்த அலைவரிசையில் கட்டடத்தில் இருக்கும் ஏழு வாக்கிகளும் பேசும் என்பதை அவர் மறந்துபோயிருந்தார். வாசல் காவல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். பின்பக்கச் சுவரில் வேலை செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மூன்று மாடி படியேறி ஓடிவந்து, மூச்சிரைக்கப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த நேரத்தில் வேலைக்கு வரலாமா, வண்டி ஏற்பாடு செய்கிறேன், எப்போது எடுக்கிறார்கள் என்று அடுக்கினார்.

"எதை எடுக்கறது? அவ வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கா" என்றார் பெரியவர். "கேட்டீங்களா உங்க 'கேட்டது, புரிந்தது' லட்சணத்தை? பெத்த புள்ளை மாதிரி பாத்துக்கிட்ட மாமியார் செத்ததுக்கு ஓகேயாம்."

சூப்பர்வைசரின் முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது. ஆனாலும் விவரமானவர். விஷயம் உறைத்துவிட்டது. கீழே இருப்பவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காத ஆளைத் தூக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. எட்டாவது மாடியில் அன்றும் வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார். அவள் ஒரு பெரிய தாளில், இடது ஓரம் போய்க் கம்பியைப் பிடியுங்கள், மேலே தூக்கப்போகிறார்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடிக்கு உட்புறம் பிடித்தாள். மாப்பிள்ளை வெளியே நின்று எழுத்துக்கூட்டிப் படித்து, இடது ஓரம் போய்ப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகுதான் பெரியவர் லிவரைத் தொட்டார். கம்பி சொன்னபடியே பள்ளத்தில் விழுந்தது, கூண்டு சொன்னபடியே குலுங்கியது. வலப்பக்கம் இருந்த சோப்பு வாளி கவிழ்ந்து நுரை கண்ணாடியில் வழிந்தது.

மேலே வந்த மாப்பிள்ளையைச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். டீச்சரம்மாவும் வந்திருந்தாள். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்வதற்கு என்ன என்று சூப்பர்வைசர் எகிறினார். மாப்பிள்ளை பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். காற்று அடித்தால் வாக்கியில் கர்ரென்று மட்டும்தான் கேட்கும் என்றார். குரல் மாமாவுடையது என்று தெரியும், என்ன சொல்கிறார் என்று தெரியாது. பிறகு டீச்சரம்மா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமாகிட்டப் போய் 'என்ன'னு எப்படிங்க கேக்கறது? கல்யாணமான புதுசுல ஒருதடவை கேட்டேன். காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்குன்னுட்டாரு. அத்தை, என் வீட்டுக்காரி, அவளோட சித்தி, எல்லாரும் இருந்தாங்க."

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் பெரியவர். சொல்லியிருந்தாலும் யாரையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். கொஞ்சம் விட்டு, அதற்காக எட்டு மாதமா என்றார்.

சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கையெழுத்துத் தாளைப் பற்றி அவர் பேசவே இல்லை. மேலே யார் இருந்தால் உனக்குச் சௌகரியம் என்று நேராக மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். மாப்பிள்ளை பூட்ஸைப் பார்த்தபடி நின்றார். பெரியவர் அவருடைய வாயையே பார்த்தார்.

"பின்பக்கத்துல இருக்கானே குள்ளன், அவன் இருந்தா நல்லாயிருக்கும். அவனை நான் வாய்க்கு வந்தபடி பேசலாம். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க மாமா. உங்களுக்குப் பயந்துக்கிட்டு ஒருநாள் விழுந்துடுவேன் போலிருக்கு."

பெரியவர் 'ம்' என்றார்.

குள்ளன் கால்மணியில் வந்து சேர்ந்தான். மாப்பிள்ளையின் வயதுதான் இருக்கும். கம்பியைப் பாருடா, வலது உருளையை ஒவ்வொரு தடவையும் பாருடா என்று பெரியவர் அவனுக்கு மூன்று முறை சொன்னார். திருப்பிச் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். கையுறையைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். குள்ளனுக்கு அது பெரிதாக இருந்தது.

கூண்டு இறங்கியது. பெரியவர் படிக்கட்டுக் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது மாடிக்கு நாலடி என்றான் குள்ளன். வாக்கி கர்ரென்றது. "என்னடா எருமை, என்ன சொன்ன? வாயில வெச்சுருக்கறதைத் துப்பிட்டுச் சொல்லு" என்று மாப்பிள்ளையின் குரல், அவர் எட்டு மாதத்தில் ஒருநாளும் கேட்டிராத குரல், கணீரென்று வந்தது. நாலடிடா செவிடா என்று குள்ளன் கத்தினான். நாலடி, இறக்கு என்றது கீழேயிருந்து.

டீச்சரம்மா பெரியவரின் பக்கத்தில் வந்து நின்றாள். பார்த்தீர்களா ஐயா, குற்றம் வார்த்தையில் இல்லை என்றாள், கொஞ்சம் தயங்கித்தான்.

"இவ்வளவு நல்லா 'என்ன'னு கேக்கத் தெரிஞ்ச ஆளை எட்டு மாசம் கேக்கவிடாம வெச்சது எதும்மா? அந்த ரெண்டெழுத்து மட்டும் வாய்க்கு வசதியா இல்லாம இருந்திருந்தா அன்னிக்கே கேட்டிருப்பார். எனக்குத் தெரியாதா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் படியில் இறங்கத் தொடங்கியிருந்தார். தரைக்குப் பதினொரு மாடி. தடுப்புக் கயிற்றைக் காவல்காரர் தாறுமாறாகக் கட்டிவைத்திருப்பார், அதை முதலில் அவிழ்த்துக் கட்ட வேண்டும். ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் ஒருமுறை நின்று, மாமனார் என்றால் என்ன புலியா என்று சுவரிடம் கேட்டார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலிக்கிற காலை முன்னே வைத்து, அடுத்த படியில் இறங்கினார்.